நடுவில் போடும் துணி

உருளைக்கிழங்குச் செடிகள் எல்லாம் ஒரே விடியலில் உறைபனி விழுந்து கருகிப்போன அந்தத் தை மாதத்திலிருந்துதான், நெடுமந்தையில் குளிருக்குப் போட்டுவிட்ட துணியைப் போட்டிருப்பவரே கழற்றிக்கொள்ள முடியாமல் போயிற்று. ஸ்வெட்டரோ சால்வையோ குல்லாவோ, எதுவானாலும் முதன்முதலில் எந்தக் கை அதை ஒருவர் உடம்பில் போட்டுவிட்டதோ அந்தக் கை வந்து தொட்டால்தான் அது இறங்கும். இழுத்தாலும் புரண்டாலும் இறங்காது, கத்தரிக்கோலால் வெட்டினால் வெட்டிய இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடிக்கொள்ளும். சேலை, வேட்டி, சட்டைக்கெல்லாம் இந்தச் சட்டம் கிடையாது. ஏன் கிடையாது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த வாரம் ஊரே கருகிய செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பூண்டு நடுகிற அவசரத்தில் இருந்தது. நட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தபோது எல்லாருக்கும் அது பழகியிருந்தது.

பழகியது என்றால் சும்மா இல்லை, அதற்கேற்ப ஊரே தன்னை மடித்து வைத்துக்கொண்டது. சந்தைக்குப் பூண்டு மூட்டையோடு இறங்கிய ஆண்கள், வீட்டில் ஒருத்தி குளிக்காமல் காத்திருப்பாள் என்பதால், எந்த லாரியின் வாலைப் பிடித்தாவது அன்றே மேலே வந்து சேர்ந்தார்கள். வரப்புத் தகராறில் முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் குல்லாவைக் கழற்றுவதற்காக வாரம் ஒரு தரம் வேலியோரம் சந்தித்து, பேசாமல் கழற்றி, பேசாமல் பிரிந்து, மூன்றாம் மாதம் பேசிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அருளானந்தம், இலவச ஸ்வெட்டர் வந்தபோது போட்டோவுக்காக அறுபத்து மூன்று பிள்ளைகளுக்கும் தன் கையாலேயே போட்டுவிட்டவர், தினமும் வெயில் ஏறியதும் அறுபத்து மூன்று தலைகளின் வழியாக ஸ்வெட்டரை உருவிய பிறகுதான் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. அவருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. ஊர் திரண்டு போய் அதை ரத்து செய்ய வைத்தது. அடுத்த வருஷமும் வந்தது, அடுத்த வருஷமும் திரண்டது. நல்ல மனிதர், சண்டை போடவில்லை, கட்டி வைத்த பெட்டியை அவிழ்க்கிறபோது மட்டும் கொஞ்சம் அழுதார்.

ராமையா என்று ஒருவர், செத்துப்போன மனைவி எப்போதோ போர்த்திவிட்ட சால்வையை, இனி கழற்ற ஆள் இல்லை என்று தெரிந்தே எடுத்துப் போர்த்திக்கொண்டு வெயிலிலும் மழையிலும் அதோடே திரிந்தார், அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டுப் போவதில்லை என்று பெரியவர்கள் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்கள். அதில் பொய் இல்லை. போக முடியாது என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

இந்த ஊருக்குத்தான் எட்டு வருஷத்துக்கு முன் தெய்வானை வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்து இறங்கிய அன்று பஸ் நிறுத்தத்தில் அவள் பற்கள் கிடுகிடுத்ததைப் பார்த்து, மாசிலாமணி, அதுதான் அவள் புருஷன், முன்யோசனையாக வாங்கி வைத்திருந்த அரக்கு நிற ஸ்வெட்டரைப் பிரித்து அவள் கைகளை நுழைத்து ஏழு பட்டனையும் தானே போட்டுவிட்டான். அத்தனை பேர் பார்க்க ஒரு ஆண் தனக்குப் பட்டன் போடுகிறான் என்று அவளுக்கு அன்று வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை. அன்றைக்குப் பிடித்தது, ஐப்பசி முதல் பங்குனி வரை தினமும் சாயங்காலம் அவன் வந்து மேல் பட்டனைத் தொட்டால்தான் அவளுக்குக் குளியல். அவன் ஒரு நாளும் அவளை அடித்ததில்லை, அதட்டியதில்லை, கேட்டது எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. "நான்தான் இருக்கேன்ல" என்பான். குழந்தை இல்லை, அதைப் பற்றி ஊர் பேசி முடித்து நாளாயிற்று.

பூண்டுப் பாத்தியில் குனிந்து நிமிர்கிற ஒவ்வொரு தரமும் தெய்வானைக்கு எதிர்மலை தெரியும். காலையில் வெள்ளையாக, உச்சியில் பச்சையாக, சாயங்காலம் நீலமாக அது ஒரு நாளைக்கு மூன்று நிறம் மாறும், அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றியதில்லை. அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடம் சொன்னாலும் சாப்பாடு சரியில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்றுதான் கேட்பார்கள் என்பதால் எட்டு வருஷமாக அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

அப்படி இருக்கும்போது தை கடைசியில் ஜெசிந்தா என்று ஒரு ஃபாரஸ்டரம்மா ஜீப்பில் வந்து, மலை ஏற வருகிறவர்களுக்கு வழிகாட்ட உள்ளூர்ப் பெண்களை எடுக்கப் போவதாகவும், மாசி கடைசியில் எதிர்மலை முகட்டிலேயே ஆறு நாள் நடந்து முடிக்கிறவர்களுக்குத்தான் வேலை என்றும் சொன்னபோது, மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்கையிலேயே தெய்வானை பெயர் கொடுத்துவிட்டாள். நெடுமந்தையில் அவள் ஒருத்தி, சுற்று ஊர்களில் இன்னும் நான்கு பேர். மாசிலாமணி வழக்கம்போல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பட்டனைத் தொடுவதற்கு மட்டும் வழக்கத்தைவிட நேரமாக்கினான்.

பள்ளிக்கூட வராந்தாவில் வைத்து ஜெசிந்தா அவளுக்கு உடுப்புப் பாடம் நடத்தினாள், வேடிக்கை பார்க்க ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று அடுக்கு. உள்ளே போடுவது வேர்வையை வெளியே தள்ள வேண்டும், பருத்தி ஆகாது, நனைந்தால் நனைந்தபடியே கிடக்கும். நடுவில் போடுவது சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும், அதற்குக் கம்பளி நூல்தான் நல்லது. மேலே போடும் ஜெர்கின் காற்றையும் தூறலையும் நிறுத்த வேண்டும். மாசியில் மலை முகடு விடியலில் பனி, பத்து மணிக்கு மேல் நெருப்பு, நான்கு மணிக்கு மேல் காற்று. "ஏறும்போது கழட்டணும், நின்னா போடணும். உள்ளயே வேர்த்து ஊறிப்போய் சாயங்காலக் காத்துல நின்னா உடம்பு விறைச்சிரும். பத்து தடவ கழட்டி மாட்டத் தெரியாதவங்கள நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்றாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபாரஸ்டரம்மா கடலோரத்துக்காரி, அவளுக்கு இந்த ஊர்க் கம்பளியைப் பற்றி ஒன்றும் தெரியாது, சொல்லவும் யாரும் முன்வரவில்லை.

உள்ளே போடும் தெர்மலும் மேலே போடும் ஜெர்கினும் தானே தருவதாகவும் நடுவில் போடுவதை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, ஜெசிந்தா இரண்டு பொட்டலங்களை எடுத்து நீட்டினாள். கையில் நீட்டினாள். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நெடுமந்தையில் குளிர்த்துணியைக் கையில் கொடுப்பது இழவு வீட்டு வழக்கம். செத்தவருடைய கம்பளியை மடித்து மூத்த மகன் ஒருவர் கையில் கொடுப்பான், அவர் வாங்கி ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார். உயிரோடு இருப்பவருக்குப் போர்த்தித்தான் விட வேண்டும், கடையில் வாங்கினாலும் கடைக்காரர் போர்த்தித்தான் பழக்கம், ஊர் உண்டான நாளிலிருந்து அதுதான் மரியாதை. தெய்வானை ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அவளுடைய மதினி பழனாத்தாள், மாசிலாமணிக்கு அக்கா, அவனைத் தூக்கி வளர்த்தவள், எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாசிலாமணி பட்டனைத் தொட்டுக் கொடுத்த பிறகு, தெய்வானை குளியலறையில் அந்தத் தெர்மலைத் தானே எடுத்துத் தலைவழியாகப் போட்டுப் பார்த்தாள். பிறகு பயந்துகொண்டே ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அது சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடி கழற்றினாள், நாலு தரம், ஐந்து தரம், தண்ணீர் ஆறிப்போகும்வரை போட்டுக் கழற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். அது வெளியூர்த் துணி என்பதால் வந்துவிட்டது என்று ஊர் சொல்லியிருக்கும். அருளானந்தம் சார் போட்டுவிட்டதும் வெளியூர்த் துணிதானே, அது ஏன் வரவில்லை என்று அவள் யோசித்தாள். யோசித்த கொஞ்ச நேரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. துணியில் ஒன்றும் இல்லை, போர்த்திவிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது, கையில் வாங்கித் தானே போட்டுக்கொண்டால் தானே கழற்றிக்கொள்ளலாம். இத்தனை வருஷத்தில் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வராததால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

விளங்கி என்ன செய்வது? நடுவில் போட அவளிடம் துணி இல்லை. கொடியில் நான்கு கம்பளித் துணிகள் கிடந்தன, நான்கும் யாராவது போர்த்திவிட்டது. அரக்கு ஸ்வெட்டர் புருஷன் போட்டுவிட்டது. பச்சைச் சால்வை மதினி போர்த்திவிட்டது. கறுப்புக் கோட்டு பக்கத்து வீட்டு மாரக்காள் மாட்டிவிட்டது. அம்மா போர்த்திவிட்ட சாம்பல் நிறக் கம்பளி ஒன்று இருந்தது, அம்மா போய் ஐந்து வருஷமாகிறது, அதை எடுத்து முகத்தோடு வைத்துக்கொள்ளலாம், போர்த்திக்கொண்டால் ராமையா கதிதான். தனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது, தானாக எடுத்துப் போட்டுக்கொண்டது என்று ஒரு கம்பளி நூல்கூட இந்த வீட்டில் இல்லை என்று அன்றுதான் அவளுக்கு உறைத்தது. அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

பஸ் ஏறி மேல்சந்தைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் நெடுமந்தைக்காரர்தான், அன்பானவர், ஊர்ப்பெண் என்றதும் எழுந்து, இருந்ததில் நல்ல ஸ்வெட்டராக ஒன்றை எடுத்து, அவள் வாயைத் திறப்பதற்குள் அளவு பார்க்கிறேன் என்று அவள் தோளில் போட்டு இழுத்துவிட்டுவிட்டார். பிறகு அவரே கழற்ற வேண்டியதாயிற்று. வேறொன்றைக் கையில் கொடுங்கள் என்று கேட்க அவளுக்கு நாக்குவரை வந்தது, ஆனால் கடையில் நான்கு பேர் நின்றார்கள், எனக்கு இழவுத்துணி கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அடுத்த பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்பினாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் போர்த்தி அனுப்ப வந்தார்கள். தூரமாக நடந்து போகிறவரை உறவும் அக்கம்பக்கமும் ஆளுக்கொன்று போர்த்தித்தான் அனுப்ப வேண்டும், அதை மறுப்பது வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்துவது மாதிரி. தெய்வானை குளித்துத் தெர்மல் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மாசிலாமணி அரக்கு ஸ்வெட்டரை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள், அதற்குள் கைகள் எட்டு வருஷப் பழக்கத்தில் தாமாக நீண்டு உள்ளே போய்விட்டன. அதன்மேல் பழனாத்தாள் பச்சைச் சால்வையைச் சுற்றினாள், அதன்மேல் மாரக்காள் கறுப்புக் கோட்டை மாட்டினாள், சத்துணவுக் கூடத்தில் அவள் வேலை பார்த்த பழக்கத்துக்காக அருளானந்தம் சார் ஒரு குல்லாவைத் தலையில் இழுத்துவிட்டார். நீ திரும்பி வரும்போது கழற்றிவிட நாங்கள் இங்கேதான் இருப்போம் என்று எல்லாரும் சொன்னார்கள். மனதாரச் சொன்னார்கள், மாரக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெய்வானைக்குக் கைகளை உடம்போடு ஒட்டிக் கீழே விடக்கூட முடியவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கட்டி வைக்கவில்லை, ஆசையாக உடுத்திவிட்டிருந்தார்கள், அதனால் யாரைத் திட்டுவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஊர் எல்லையில் இருந்த வனத்துறைச் செக்போஸ்ட்டில் ஜெசிந்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள். மற்ற நான்கு பெண்களும் பையோடு தயாராக நின்றார்கள். கோட்டைக் கழற்றச் சொன்னாள். தெய்வானை நின்றாள். குல்லாவையாவது கழற்றச் சொன்னாள். அதற்கும் நின்றாள். ஜெசிந்தாவே வந்து குல்லாவைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கும் இரக்கம் இருந்தது, ஆனால் ஐந்து பேர் உயிருக்கு அவள்தான் பொறுப்பு. ஒன்பது மணிவரை காத்திருப்பேன், கழற்றக்கூடிய துணியோடு வந்தால் கூட்டிப் போகிறேன், இல்லையென்றால் இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம் இந்த வேலை இருக்குமா என்றும் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

தெய்வானை திரும்பி ஊருக்குள் நடந்தாள். மேலே கிடப்பதை முதலில் எடுக்க வேண்டும் என்பதால் முதலில் பள்ளிக்கூடம். அருளானந்தம் சார் அப்போதுதான் வாசலைத் திறந்துகொண்டிருந்தார், அவள் முகத்தைப் பார்த்ததுமே ஒன்றும் கேட்காமல் குல்லாவை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "திரும்பிப் பாக்காம போம்மா" என்றார். மாரக்காள் கோட்டைக் கழற்றுவதற்குள் மூன்று தரம் அழுது, இனி களை எடுக்கும்போது நான் யாரோடு பேசுவேன் என்று கேட்டுக்கொண்டே கழற்றினாள்.

பழனாத்தாள் முடியாது என்றாள். என் தம்பிக்கு யார் சோறு போடுவது, ஆறு நாள் என்று ஆரம்பிப்பது ஆறு மாதமாகும், பெண்ணுக்கு எதற்கு அந்தப் பக்கத்து மலை என்று கேட்டுக்கொண்டே முற்றத்தில் பூண்டு உலர்த்தினாள். தெய்வானை முற்றத்து நடுவில் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சால்வைக்கும் ஸ்வெட்டருக்கும் உள்ளே வேர்வை ஊறி, நெற்றியிலிருந்து வழிந்து, முகம் சிவந்து, கண் செருகத் தொடங்கியபோதும் அவள் நகரவில்லை. பழனாத்தாள் மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள். நாலாவது தரம் பதறிப்போய் ஓடிவந்து சால்வையை உருவி எறிந்துவிட்டு அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். கெட்டவள் இல்லை அவள், இந்த ஊரில் கெட்டவர்கள் என்று யாரும் இல்லை, அதுதான் தெய்வானையின் கஷ்டமே.

மாசிலாமணி வீட்டுக்குள் பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வந்து எதிரில் நின்றதும் எழுந்தான். கையை மேல் பட்டன்வரை கொண்டுபோய்விட்டு, தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, நான் உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டான். ஒரு குறையும் இல்லை என்றாள் தெய்வானை. பின்னே ஏன் என்றான்.

"எட்டு வருஷமா அந்த மலையப் பாத்துக்கிட்டே இருக்கேன் மாமா. ஒரு நாளாவது அங்க நின்னு இந்த ஊரப் பாக்கணும். அவ்வளவுதான். உங்கள விட்டுட்டுப் போகணும்னு இல்ல."

அவன் கை அப்படியே நின்றது, மணி ஒன்பதாகிவிடுமோ என்று அவள் வாசல் வெயிலைப் பார்த்தாள். பிறகு தொட்டான். அரக்கு ஸ்வெட்டர் தளர்ந்து இறங்கியது, அவன் அதை வாங்கிக் கொடியில் போட்டான், வேர்த்த உடம்பில் வீட்டு நிழல் பட்டுத் தெர்மலோடு அவள் நடுங்குவதைப் பார்த்தான். நடுவில் போட ஒன்றும் இல்லாமல் இவள் எப்படிப் போவாள் என்று அவனுக்கே அப்போது கவலை வந்துவிட்டது. தான் போட்டிருந்த நீல ஸ்வெட்டரை, பழனியில் அவனே வாங்கி அவனே போட்டுக்கொண்டது, தன் கைக்கே அது இறங்குவதை அவன் ஒரு நாளும் யோசித்துப் பார்க்காதது, அந்த வீட்டிலேயே யாரும் போர்த்திவிடாத ஒரே கம்பளி, தலைவழியாகக் கழற்றி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தான். அவள் கைகள் நீளப் பார்த்தன. அவற்றை அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"போட்டுவிட வேண்டாம். கையில குடுங்க."

மாசிலாமணிக்கு முகம் செத்துப்போயிற்று. "நான் என்ன செத்தா போயிட்டேன், தெய்வான?"

"இல்ல மாமா. நீங்களும் உசுரோட இருக்கீங்க, நானும் உசுரோட இருக்கேன். அதனாலதான் கையில கேக்குறேன்."

அவன் ஸ்வெட்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மடிக்கத் தெரியாமல் மடித்தான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினான். அவள் முன்னால் வந்து இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே அவன் எதிரிலேயே தானே தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். அவனுடைய உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. அவன் ஜெர்கின் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு செக்போஸ்ட்வரை கூடவே நடந்தான். அவன் வெறும் சட்டையோடு நடந்து வருவதைப் பார்த்து ஊரில் பாதி பேர் பின்னாலேயே வந்தார்கள்.

ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கழற்றுங்கள் என்றாள்.

தெய்வானை ஓரத்தைப் பிடித்தாள். தெர்மல் வந்தது உண்மை, ஆனால் அது அந்நியப் பெண் கொடுத்தது, இது புருஷன் கொடுத்தது, வருமா வராதா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. பின்னால் யாரோ இருமினார்கள். இழுத்தாள். நீல ஸ்வெட்டர் வயிற்றைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, தலையைத் தாண்டி, அவள் கையில் வந்து தொங்கியது. மாசிலாமணி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவளே கழற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றைக் கொடுத்திருக்கலாம் என்று இத்தனை வருஷமாகத் தனக்குத் தோன்றவில்லையே என்று அழுகிறானா, இனி அவள் சாயங்காலங்களில் தனக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அழுகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. தெய்வானை குனிந்து அவன் தலையைத் தொட்டுவிட்டு ஏறத் தொடங்கினாள்.

மத்தியானம் பாறைகள் சுட்டபோது அவள் ஸ்வெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நாலு மணிக்கு எதிர்மலையின் முகட்டில் ஏறி நின்றபோது, ஜெசிந்தா சொன்ன அதே காற்று வந்தது. அங்கிருந்து பார்க்க நெடுமந்தை ஒரு கை அகலம்தான் இருந்தது. அவள் பையைத் திறந்து, அதை எடுத்து, தானே போட்டுக்கொண்டாள்.